படகுத்துறையிலிருந்து தெரிந்த மலை

2025 செப்டம்பர் 8, திங்கள்

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வடிந்துவிட்டது. விடுதியில் பதினோரு அறை, இருபத்திரண்டு படுக்கை விரிப்பு, எல்லாம் மொட்டை மாடியில் காய்கின்றன. ரிசப்ஷனில் நானும் ஃபேனும்தான். பகல் இரண்டிலிருந்து நான்கு வரை செங்கம் ரோட்டில் வெயிலைத் தவிர வேறு நடமாட்டம் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் என்னுடையது. முதலாளிக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

நேற்று முடியாததால் இன்று வலம் வந்தேன். இந்த மலையை இல்லை, ஓர்வேனில் இருக்கும் மலையை.

இந்த நோட்டை என்றைக்காவது என் வீட்டுக்காரர், இவர், எடுத்துப் படித்துவிட்டு முழிக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: ஓர்வேன் ஒரு ஆன்லைன் விளையாட்டு. கடல், படகுத்துறை, காடு, நடுவில் ஒற்றை மலை. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் எந்நேரமும் அதில் நாலாயிரம் பேர் இருப்போம். சண்டை, சந்தை, கல்யாணம் எல்லாம் நடக்கும். இப்போது திரையின் மேல் மூலையில் எண்ணிக்கை காட்டுகிறது: 1. அந்த ஒன்று நான்தான்.

ஆனால் அங்கே கீழே வைத்த பொருள் எதுவும் அழியாது. யாரோ காயப்போட்ட வலை இன்னும் காய்கிறது. பாதி கட்டிய வீடு பாதியிலேயே நிற்கிறது. படகுத்துறையின் கடைசிப் பலகையில் யாரோ ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மலையைப் பார்த்தபடி. யார் என்று தெரியாது. போன வருஷம் சும்மா ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தபோது அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தேன்.

செப்டம்பர் 11

மழை. இங்கேயும் அங்கேயும். அங்கே நனைய முடியாது, அதுதான் குறை.

அக்டோபர் 6, திங்கள். பௌர்ணமி

சரியாக இரண்டு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று, நாற்பத்தெட்டு நிமிஷம். ஓடினால் பத்து நிமிஷத்தில் முடியும். ஓடக் கூடாது. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். வெறுங்காலோடு போனால் ஓநாய் கடித்து பாதி உயிர் போய்விடும், பரவாயில்லை. இதெல்லாம் நாங்கள் ஆறு பேர் போட்ட சட்டம். திருவண்ணாமலைப் பிள்ளைகள் கையில் ஒரு மலையைக் கொடுத்தால் வேறு என்ன செய்வோம்? மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களே பின்னால் வந்து நடந்தார்கள்.

பாதையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது பக்கத்தை விட்டுவிட வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடந்துகொண்டிருப்பார்கள் என்று ஊரில் சொல்வதை அங்கேயும் கொண்டுபோனோம். இப்போதும் விட்டுத்தான் நடக்கிறேன். அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள்? நாலாயிரம் பேரும் நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்தால் காலடிச் சத்தம்கூடக் கேட்கிறது. என் காலடிதான், தெரியும்.

இன்னொரு சட்டம். மலைமேல் யாரும் கால் வைக்கக் கூடாது. மலைதான் சாமி, சாமிமேல் ஏறலாமா? கார்த்திகை தீபத்தன்று மட்டும், அந்த வருஷ முறைக்காரர் ஒருவர் ஏறி உச்சியில் தீ ஏற்றலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். குழுத் தலைவி என்று பெயருக்குப் பின்னால் ஒரு கிரீடம் இருக்கும், கேட்கவா வேண்டும்.

மாறனைப் பற்றி இன்று எழுதிவிடலாமா? வேண்டாம்.

எழுதிவிடுகிறேன். 2014. என் முறை. ஒரு மாதம் ஆறு பேரும் மீன் பிடித்து, எண்ணெய் எடுத்து, அறுபது குடம் சேர்த்துக் கிடங்கில் வைத்தோம். அப்போது எனக்கு டைபாய்டு, எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றும். தீபத்தன்று மாலை கிடங்கைத் திறந்தேன். ஒரு குடம்கூட இல்லை. 'கடைசியாக எடுத்தவர்: மாறன்' என்று கணினி காட்டியது. அவன் என் வகுப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவான், பிரவுசிங் சென்டரில் எனக்குப் பக்கத்து சீட். அப்போது அவன் லைனில் இல்லை. எல்லோரும் படிக்கிற இடத்தில் 'திருடன்' என்று எழுதி, அவனைக் குழுவிலிருந்து நீக்கி, பிளாக் செய்தேன். போன் வந்தது, எடுக்கவில்லை. நாலைந்து தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. அவன் காலேஜிலும் வேறு பெஞ்சில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டுப் போனான்.

அந்த வருஷம் உச்சியில் தீ எரியவில்லை. தை மாதத்துக்குள் குழுவே கலைந்துவிட்டது.

அக்டோபர் 9

உள்ளே போனதும் ஒரு அறிவிப்பு. நவம்பர் 30, மாலை 7 மணியோடு ஓர்வேன் நிரந்தரமாக மூடப்படுகிறது. இவ்வளவு காலம் உடன் இருந்ததற்கு நன்றியாம். யாருக்கு நன்றி? நான் ஒருத்திதானே படிக்கிறேன்.

அக்டோபர் 10

இவரிடம் சொன்னேன். ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அதுல ஒருத்தரும் இல்லன்ற. நீ போயி என்னா, வாசல் தெளிச்சுட்டு வர்றியா?" என்றார். கிண்டல்தான். ஆனால் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறேன்.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்தது. தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மூடுகிறார்கள். மூன்று நாள் பொறுத்தால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு?

நவம்பர் 5, புதன். பௌர்ணமி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கடைசிப் பௌர்ணமி என்று நடந்தேன். ஒரு சுற்று முடிந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. மலையை அண்ணாந்து பார்த்தேன். அந்த உலகத்தில் நான் போகாத குகை இல்லை, நீந்தாத ஓடை இல்லை. மேலே மட்டும் போனதே இல்லை. இன்னும் இருபத்தைந்து நாளில் அந்த மலையே இருக்காது. இல்லாமல் போகிற சாமி கோபித்துக்கொண்டால்தான் என்ன? ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினேன்.

இருபது நிமிஷம் ஏற்றம். வழியில் மிருகம் இல்லை, புதையல் இல்லை, வெளியாட்கள் யாரும் ஏறி வர ஒரு காரணமும் இல்லை. பாதி வழியில் மேகம். வெள்ளையாக, வேறெதுவும் தெரியாமல், யாரோ தூக்கத்தில் நடத்திப் போவது போல இருந்தது. மேகம் விலகியது. உச்சி.

குடம். வரிசையாக. பத்துப் பத்தாக ஆறு வரிசை.

அறுபதும் இருக்குது. மேலதான் இருந்திருக்குது. இத்தன வருஷமா.

பக்கத்தில் ஒரு மரப்பலகை நட்டு, அதில் எழுதியிருக்கிறான்: 'கலா, காய்ச்சல்ல நீ சுமக்க வேணாம். நான் மேல கொண்டாந்து வச்சிட்டேன். ஏறினது தப்புதான், மத்தவங்ககிட்ட சொல்லாத. நீ வந்து பத்த வை, போதும். மாறன்.'

ஒரு நடைக்கு ஐந்து குடம்தான் தூக்க முடியும். அறுபது குடத்துக்குப் பன்னிரண்டு நடை. பன்னிரண்டு தடவை ஏறி, பன்னிரண்டு தடவை இறங்கி. வெறுங்காலோடுதான் ஏறியிருப்பான், எனக்குத் தெரியும்.

யாரும் ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நான். அதனாலதான் அவன் முன்கூட்டியே யார்கிட்டயும் சொல்லல. அதனாலதான் நாங்க ஒருத்தரும் ஏறிப் பாக்கல. அவன் சொல்ல வந்தப்ப போன எடுக்கல.

டீ கேட்டு வந்த வெளிநாட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ வேண்டாம் என்று போய்விட்டார்.

நவம்பர் 6

திருடன். அந்த வார்த்தையை எவ்வளவு வேகமாக அடித்தேன். எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

நவம்பர் 7

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இதெல்லாம் போன்ல பேசுற விஷயம் இல்ல கலா. நேர்ல போயி சொல்லிட்டு வா" என்றார். போனில் பேச என்னிடம் நம்பரும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தால் உடனே சொன்னார்கள். மல்லாட்டை உடைக்கிற மிஷின் வைத்திருக்கிறானாம். களத்தில் வேர்க்கடலைத் தோல் மலை மாதிரி குவிந்து கிடந்தது. அவன் இல்லை. திண்டிவனத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். தங்கை சினேகா இருந்தாள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தவள், இப்போது இடுப்பில் குழந்தை.

"அண்ணன்கூட காலேஜ்ல படிச்சீங்களா? உக்காருங்கக்கா." தண்ணீர் கொடுத்தாள்.

கேம் என்று ஆரம்பித்தேன். முகம் மாறியது. "அதப் பத்தி அண்ணன் பேசவே மாட்டாருக்கா. ஒருக்கா ஏதோ ஆச்சு. ரெண்டு நாள் சாப்புடல. அம்மா போட்டு உலுக்கிக் கேட்டதுக்கு, என்ன ஒருத்தி திருடன்னு சொல்லிட்டாம்மான்னு அழுதாரு. அண்ணன் அழுது அன்னிக்குத்தான் பாத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கதானாக்கா அது?"

"நான்தாம்மா."

குழந்தையை வேறு இடுப்புக்கு மாற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நம்பர் தர்றேன். பேசுறதும் பேசாததும் அவரு இஷ்டம்" என்றாள்.

நவம்பர் 12

மூன்று நாள் எழுதி எழுதி அழித்துவிட்டு இன்று அனுப்பினேன். 'மாறா, நான் சந்திரகலா. பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் மேல ஏறிப் பாத்தேன். அறுபது குடமும் இருக்கு. பலகையும் படிச்சேன். தப்பு என்னுது. உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. 30ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு மூடுறாங்க. ஆறு மணிக்கு நான் ஏத்தப் போறேன். உனக்குத் தோணினா வா.'

இரண்டு டிக். பிறகு நீலமானது. படித்துவிட்டான்.

நவம்பர் 13

பதில் இல்லை.

நவம்பர் 21

இல்லை. மன்னிப்பு கேட்டால் உடனே கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு அவசரம். அவனைத் திருடன் என்று சொன்னபோதும் இதே அவசரம்தான். திருந்தவே மாட்டேனா நான்?

ஓர்வேனில் அவன்மேல் போட்டிருந்த பிளாக்கை எடுத்தேன். ஒரே ஒரு பட்டன்.

நவம்பர் 30, ஞாயிறு

தீபத்துக்கு ஊர் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. விடுதியில் ஒரு அறைகூடக் காலி இல்லை. முதலாளியிடம் நான்கரையிலிருந்து ஏழு வரை கேட்டு வாங்கிக்கொண்டேன். ரிசப்ஷனை அவரே பார்த்துக்கொண்டார். என்னை மாடியில் விரிப்பு வைக்கிற அறைக்கு லேப்டாப்போடு அனுப்பிவிட்டு, என்ன ஏதென்று கேட்கவில்லை.

ஒரு சுற்று நடந்தேன். வலது பக்கத்தை விட்டு. படகுத்துறை, வலை, பாதி வீடு, அந்த நாற்காலி, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஆறு மணிக்கு உச்சியில் இருந்தேன். அவன் வரவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்தேன். முதல் குடத்தில் தீ வைத்தேன். அது அடுத்ததற்குத் தாவியது. அறுபதும் பிடித்தபோது திரை முழுக்க ஆரஞ்சு நிறம். மேகமெல்லாம் உள்ளிருந்து எரிவது போலத் தெரிந்தது. கீழே கடல் வரைக்கும் வெளிச்சம் போயிற்று. நான்கு திசையிலும் ஆளில்லாத ஓர் உலகத்துக்கு அவ்வளவு வெளிச்சம். யாருக்கு இது, பார்க்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது.

ஆறு இருபதுக்குத் தற்செயலாக மேல் மூலையைப் பார்த்தேன். 2 என்று இருந்தது.

அது பெயர் காட்டாது, எண்ணிக்கை மட்டும்தான். 'மாறா?' என்று பொதுவில் எழுதினேன். பதில் இல்லை. 'யாரு?' என்றேன். இல்லை. மூடுவதற்காகக் கம்பெனி ஆள் யாராவது உள்ளே வந்திருப்பார். இறங்கித் தேடலாம் என்றால் தீயை விட்டுவிட்டு வர மனமில்லை. அங்கேயே நின்றேன்.

ஏழு மணிக்குத் திரை கறுத்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி.

டிசம்பர் 1

இரண்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் கை மவுஸுக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 3, புதன். தீபம்

காலையிலிருந்து உட்காரவில்லை. ஐந்தரைக்குத்தான் அடி அண்ணாமலையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இவர் மாடிப்படியில் நின்று கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு உச்சியில் தீபம். ஊரே ஒரே குரலில் அரோகரா என்றது.

ஆறே காலுக்கு போன் அதிர்ந்தது. மாறன். ஒரு போட்டோ: மல்லாட்டைக் களம், இருட்டிக்கொண்டு வரும் வானம், தூரத்தில் மலை, அதன் தலையில் கடுகளவு வெளிச்சம். கீழே எழுதியிருந்தான்.

'இங்கருந்து தெரியுது.'

படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது.

'ஞாயித்துக்கிழமையும் தெரிஞ்சுது. படகுத்துறைல என் நாற்காலி அப்படியே இருந்துச்சு. அதுல உக்காந்து கடைசி வரைக்கும் பாத்தேன்.'

இவர் எட்டிப் பார்த்து, "யாரு?" என்றார்.

"மாறன்."

"வீட்டுக்கு ஒருநாள் சாப்புட வரச் சொல்லு" என்றார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.