ஆமென் சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையால் இங்கே சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா?

சிரிக்க ஒரு விஷயம். எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்து சூப்பர்வைசர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'இடி'. போன மாதம் சாப்பிடும் முன் கண்மூடி ஜெபித்தேன். "என்னடி, உக்காந்தே தூங்குறியா? போய் இஸ்திரி போடு" என்று விரட்டிவிட்டார். சாப்பாடு தட்டிலேயே கிடந்து ஆறிப்போயிற்று. கோபத்தில், "ஆண்டவரே, நீர் நியாயாதிபதி, இவளை நீரே பார்த்துக்கொள்ளும்" என்று வழக்கை ஒப்படைத்துவிட்டேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல். பயப்படாதீர்கள், விட்டுவிட்டது. எல்லாரும் வேலைக்குப் போய்விட, தண்ணீர் எடுத்துத் தரக்கூட ஆளில்லாமல் அறையில் படுத்திருந்தேன். "வாய்க்கு ஏதாவது தாரும்" என்று ஆண்டவரிடம் கேட்டேன். கதவைத் தட்டியது இடி! கையில் சூடான சூப். நான் கரண்டியை எடுத்ததும், "இரு, கண்ண மூடிட்டுத்தானே சாப்பிடுவ? அன்னிக்கு எனக்குத் தெரியல, அப்புறம்தான் மத்தவங்க சொன்னாங்க" என்றார்.

தீர்ப்புக்கு ஒப்படைத்த ஆளையே ஆண்டவர் சாப்பாட்டோடு அனுப்பினால் நான் என்ன செய்ய? கண்ணை மூடி முதலில் வழக்கை வாபஸ் வாங்கினேன். திறந்தபோது, "முடிஞ்சுதா?" என்றார். இங்கே வந்த பிறகு என் ஜெபத்துக்குக் கிடைத்த ஒரே ஆமென் அதுதான், அப்பா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: வீட்டு ஜெபத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். முழுக்க வேண்டாம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்வது போதும். தம்பி எப்போதும் பிந்தித்தான் சொல்வான். அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் மகள்