நுனி இல்லாத இலை

இன்று காலை உன் மனைவி கொண்டுவந்து கொடுத்த துணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் கிணற்று மண் வாசனை வந்தது. உள்ளே உன் பாதிக் கல். வெள்ளைக் களிமண் கல்லில் அந்த இலை, நரம்பு நரம்பாக, அப்படியே! 

பன்னிரண்டு வருடம் முன்பு, செவிலிமேட்டில் என் வீட்டுக்குக் கிணறு தோண்டியபோது வந்த கல். நீதான் உளி வைத்துத் தட்டினாய். புத்தகம்போலத் திறந்துகொண்டது.

“டேய், சின்ன தென்னங்கீத்து மாதிரி இருக்குதுடா! ரெண்டு பக்கமும் இருக்குது பாரு!”

“செத்த இலை இன்னேரம் மக்கியிருக்க வேணாமா?” என்றேன்.

“மக்கறதுக்குக் காத்து வேணும்பா. விழுந்த உடனே சேறு மூடிக்கிச்சி, தப்பிச்சிக்கிச்சி. டைனோசர் காலத்து இலைடா இது!”

ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். உன் பாதியில் நுனி பெயர்ந்து போயிருந்தது. என்னுடையதில் முழுசாக இருந்தது. கட்டத் தாளில் சேலைக் கரை வரைகிறவன் நீ. இந்த இலையைக் கரையில் ஏற்றியே தீருவேன் என்றாய். நுனியை வரைய, மறுவாரம் என் பாதியைக் கேட்டு வந்தாய்.

கொடுக்க அது இல்லை. பட்டுச் சேலையை அலசுவதுபோல, அழுக்குப் போகட்டும் என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். வாளியில் மிஞ்சியது சேறு. எம்.எஸ்சி. படித்தவன் செய்த காரியம்! சொல்ல வெட்கப்பட்டு, “எல்லாத்தையும் நீயே சுருட்டிக்கலாம்னு பாக்கறியா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். அதன்பின், போன மாதம் உன் சாவுக்குக்கூட நான் வரவில்லை.

“அவருக்குத் தெரியும்ணா,” என்றாள் உன் மனைவி. “சேறாயிட்டத அண்ணி அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க. ‘அவனே வந்து சொல்லட்டும்’னு சொல்லிக்கினே இருந்தாரு.”

தெரிந்திருந்தும் பன்னிரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்காக உன்மேல் எனக்குப் புதிதாக ஒரு கோபம் இருக்கிறது. அதை விடப்போவதில்லை.

கல்லுக்கு அடியில் உன் கட்டத் தாளும் இருந்தது. இலை முழுக்க வரைந்து, நுனிக்கு மட்டும் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறாய். மனதுக்குத் தோன்றியதைப் போட்டு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை நீ.

பென்சிலை எடுத்தேன். நீ அந்த நுனியை ஒருமுறை பார்த்தாய். நான், அது சேறாகும்வரை தினமும் எடுத்தெடுத்துப் பார்த்தவன். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். கடைசி இரண்டு கீற்றுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டேன்டா. ஒரு கோடுகூட மக்கவில்லை.