கழுவிய தரை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எங்கள் சிமெண்ட் ஆலையின் கார்பன் கணக்கைச் சரிபார்க்க நீதான் நேரில் வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். என்றைக்கு என்று ஒரு வரி எழுது, ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன். பெரிய மனுஷி ஆனதும் தம்பி வீடு மறந்துபோயிற்று உனக்கு.

உன் தம்பி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

குழந்தைக்கு என் முத்தம். சூளைப் பொறுப்பில் இருப்பவன் என் தம்பி, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் இல்லையாம், துணைக்கு ஒருவரை அனுப்புகிறார்கள்.

தேதி சொல்ல மாட்டேன். சொல்லாமல் போய் நிற்பதுதான் இந்த வேலையே. எரித்த நிலக்கரியை வைத்துத்தான் கார்பன் கணக்கு. நீங்கள் அனுப்பும் கணக்கில் கரி மட்டும் குறைகிறது, சிமெண்ட் குறையவில்லை. காற்றையா எரிக்கிறீர்கள்? ஷிப்ட் மாற்றத்தான் என்றால் இவ்வளவு முன்கூட்டியே தேதி எதற்கு? தேதி கேட்பது நீயா, உன் மேனேஜரா? என்னவோ மனசு ஒப்பவில்லை.

அக்கா

மார்ச் 6

தம்பிக்கு,

நேற்று உன்னைப் பார்த்தும் பேசாமல் வந்துவிட்டேன். எடை போடும் பெல்ட் வழியாகத்தான் கரி முழுவதும் சூளைக்குப் போகிறது என்று உன் மேனேஜர் சாதித்தார். ஆலை முழுக்கக் கரித்தூள், என் செருப்பே கறுத்துவிட்டது. சூளைக்குப் பின்பக்கம் இருந்த ஒரு தொட்டிக்கு முன்னால் மட்டும் தரை பளிச்சென்று ஈரமாக இருந்தது. கிட்டே போனேன். தொட்டி விளிம்பில் கரி அள்ளும் வண்டி இடித்த தழும்புகள். எடையில் சேராத கரி அந்த வழியாகப் போகிறது.

யார் கழுவியது என்று கேட்டேன். "சார்தான் தினமும் காலையில கழுவுறாரு" என்று ஒருவர் உன்னைக் காட்டினார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். சின்ன வயதில் மையைக் கொட்டிவிட்டு அந்த இடத்தை மட்டும் துடைத்து வைத்து மாட்டிக்கொள்வாயே, அதே புத்தி.

நீ தேதி கேட்டதையும், தடயத்தை அழித்ததையும் அறிக்கையில் எழுதிவிட்டேன்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தொட்டிக்கு சீல் வைத்தாயிற்று. எனக்கும் வேலை போயிற்று. எல்லாம் என் ஏற்பாடு என்று மேனேஜர் கைகழுவிவிட்டார். உன் அறிக்கையைத்தான் ஆதாரமாகக் காட்டினார்.

தடயம் அழிக்கிறவன் ஆலை முழுவதையும் கழுவியிருப்பான், அக்கா. மை கொட்டிய இடத்தை நீ எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? வாய்விட்டுச் சொன்னால், அக்காவும் தம்பியும் பேசிவைத்துச் செய்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். நீயாகப் பார்க்க வேண்டும். கழுவிய தரை சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும், அதனால்தான் தேதி கேட்டேன். நீ சொல்லவில்லை, நான் தினமும் கழுவினேன். தனக்காகக் கழுவுகிறேன் என்று நினைத்து மேனேஜர் தட்டிக்கொடுத்தார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன். இனிமேல் தேதி கேட்க மாட்டேன். சொல்லாமலே வா.

உன் தம்பி