பிரிக்காத புண்ணாக்கு மூட்டை

தை மாதம், செவ்வாய் இரவு. ஸ்ரீரங்கம்.

லால்குடியில் தம்பி மனைவி செல்வி கறிக்கு வளர்க்கும் கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று கொத்தித் தின்கின்றன. இன்று இரண்டின் முதுகில் ரத்தம். பேன் இல்லை, இட நெருக்கடியும் இல்லை. அறுத்த வயலில் நெல் பொறுக்கியே வளர்வதால் புரதம் போதவில்லை. சோயாப் புண்ணாக்கு மூட்டை ஒன்று கொண்டுபோயிருந்தேன்.

"வயிறு ரொம்பித்தானே இருக்கு, அண்ணி?" என்று ஒரு கோழியின் இரைப்பையைத் தொட்டுக் காட்டினாள். நான் அவள் விரலை அதன் நெஞ்செலும்பில் வைத்தேன். சதையே இல்லாமல் கத்தி போல இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"தெரியுது அண்ணி. ஆனா வாங்க வர்றவங்க தீவனத் தட்டைப் பார்த்தாலே, 'பிராய்லருக்கு வெயில் காட்டி விக்கிறீங்களா'ன்னு சிரிச்சிட்டுப் போயிடுறாங்க. தீபாவளிக்குப் பாதிக் கோழி அப்படித்தான் விக்காம நின்னுபோச்சு."

அந்த நேரம் பார்த்துத் தில்லை நகர் வாடிக்கைக்காரர் ஃபோன் செய்தார். "படிச்சவங்க நீங்க சொன்னா நம்புவாரு" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"தீவனம் ஏதும் போடுறீங்களாம்மா?"

"இல்லைங்க. மேய்ச்சல் மட்டும்தான்."

உண்மையைத்தான் சொன்னேன். செல்வி நிம்மதியாகச் சிரித்தாள். கிளம்பும்போது மூட்டையைப் பிரிக்காமலே என் ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டாள். அது இப்போது என் கூடத்தில் இருக்கிறது. விடிந்ததும் அங்கே கோழிகள் மறுபடி கொத்தத் தொடங்கும்.