பீட்ரூட் நிறம் தேறிவிட்டது

ஆய்வுக்கூடத்து மகாராணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் காட்டாத உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நம் கடை கேக்கில் போடும் பீட்ரூட் நிறம் மரபணுவைக் கெடுக்கவில்லை, முதல் சோதனையில் தேறிவிட்டது என்று நீ போனில் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மரபணுச் சோதனையில் தேறிய கேக் என்று வாசலில் பலகையே மாட்டிவிட்டேன். அதன் பலன், இத்தனை நாள் வாய் திறக்காமல் தின்றவர்களெல்லாம், அப்போ இதுக்கு முன்னாடி என்னத்தைப் போட்டீங்க என்று விசாரிக்கிறார்கள். எதிர்க்கடைக்காரர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. இன்னும் இரண்டு சோதனை பாக்கி என்று நீ சொன்னதை நான் காதில் வாங்கவில்லையாம், அதற்கு அம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டு பலகையைக் கழற்றினேன்.

அவளோ எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்கிறாள். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, மரபணுவை நிச்சயம் கெடுக்கும் விஷம் ஒன்றையும் பக்கத்தில் வைப்போம் என்றாயே, அதை யாருடி கலக்குறது என்று அவள் கேட்டதற்கு, நான்தாம்மா, வேற யாரு என்றாய் பார், ஏதோ காபி கலப்பது போல. பிள்ளை உண்டாகி மூன்று மாதமாகியும் மேலாளரிடம் சொல்லவில்லையாம், சொன்னால் மேசை வேலையில் உட்கார வைத்துவிடுவார்களாம். அடடா, என்ன கடமை உணர்ச்சி! ஊரார் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பீட்ரூட்டையே சந்தேகப்படுகிற அம்மணிக்கு, சொந்தப் பிள்ளை என்றால் மட்டும் ஒரு ஜோடி கையுறை போதும் போலிருக்கிறது.

கிண்டல் போதும் கண்ணு, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா நேற்றிலிருந்து உன் போனை எடுக்காதது கோபத்தால் இல்லை, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாள். இந்தக் கடிதம் கிடைத்ததும், ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் முன் மேலாளரிடம் போய்ச் சொல், அந்த விஷத்தை வேறு யாராவது கலக்கட்டும். மீதிச் சோதனையில் பீட்ரூட் தேறாவிட்டால் கேக்கை வெள்ளையாகவே விற்றுக்கொள்கிறேன். உனக்கோ பிள்ளைக்கோ ஒன்று என்றால் நான் என்ன செய்வேன், சொல்.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். மேலாளரிடம் சொன்ன கையோடு அம்மாவுக்குப் போன் போடு. எனக்குத் தனியாகப் போட வேண்டாம், நான் அவள் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா