மருதாயிக்கு வாங்கித் தந்த காளான்

என் தங்கமே, அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் விளையாட்டில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. எழுந்து போய், நாம் ஆடுகிற பைசல் கடை மாடி ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, உக்கடம் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை யாரிடம் சொல்லி அழுவது? எழுதி வைத்தவள் நீ. உன்னிடமே சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எங்கள் மேசைக்கு உலகத்தையும் விதிகளையும் உண்டாக்கியவள் என் அக்கா. உடம்புக்கு முடியாமல் போனதும் கதை நடத்துகிற நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, அவள் எதிர்ப்பக்கம் போய் மருதாயி ஆனாள். மருதாயி கிணறு வெட்டுகிறவள். அவள் கடப்பாரையைத் தூக்கினால் ராட்சசனும் ஒதுங்கி நிற்பான்.

அந்த உலகத்தில் பிணமெழுப்பி என்று ஒரு பாத்திரத்தை எதற்கு வைத்தாய் அக்கா? வைத்ததுதான் வைத்தாய், விதியையாவது ஒழுங்காக எழுதினாயா? 'இறந்த உடலை எழுப்பலாம். எழுந்தது, எழுப்பியவன் சொல் கேட்கும்.' இவ்வளவுதான். எத்தனை உடல்? எவ்வளவு நேரத்துக்கு? உயிரோடு இருந்தபோது இருந்த பலம் இருக்குமா? வாய் பேசுமா? ஒன்றும் இல்லை. எழுதப் பொறுமை இல்லையா, இல்லை நாங்கள் மனிதர்களாக நடந்துகொள்வோம் என்று நம்பினாயா?

பிணமெழுப்பியாக ஆடுவது நம் தினேஷ்தான். பம்ப் செட் கம்பெனியில் வேலை பார்க்கிற, ஈ எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற, உனக்கு மாத்திரை வாங்க மழையில் ஓடின அதே தினேஷ். மேசையில் உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். இப்போதெல்லாம் போகிற ஊரில் சுடுகாட்டைத்தான் முதலில் விசாரிக்கிறார். எழுப்பி எழுப்பி ஒரு படையே சேர்த்துவிட்டார். வண்டி இழுக்க ஒரு பிணம், பொறி வைத்த பாதையில் முன்னால் நடக்க ஒரு பிணம். அதிலும் என்ன மரியாதை தெரியுமா?

"ஏனுங்க பெரியவரே, உங்க கை கீழ உழுந்துபோச்சு பாருங்க. எடுத்து வெச்சுக்குங்க. அப்பிடியே அந்தக் குழில கொஞ்சம் எறங்கிப் பாருங்க."

கூட ஆடுகிற பைசல் சிரித்தார், ஸ்டெல்லாவும் சிரித்தாள். எனக்கும் முதல் வாரம் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் கோட்டைக்குள் போக வழியில்லை என்று ஒரு குழந்தையின் பிணத்தை எழுப்பிச் சாக்கடைக் குழாய்க்குள் விட்டார். "சின்ன ஒடம்பு, நல்லாப் போகுமுங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்னால் சோறு தின்ன முடியவில்லை. பகடையில் வந்த எண்ணுக்கு இவ்வளவு அருவருப்பா என்று நீ கேட்பாய். ஆமாம், இவ்வளவு அருவருப்பு.

நானும் சும்மா இருக்கவில்லை. பிணம் நாறும், ஊருக்குள் விடமாட்டார்கள் என்றேன். மூட்டை மூட்டையாகச் சாம்பிராணி வாங்கிவிட்டார். வெயிலில் அழுகும் என்றேன். உப்புப் போட்டு வைத்தார். நான் ஒரு ஓட்டையை அடைத்தால் அவர் இன்னொரு ஓட்டை வழியாகப் பிணத்தை விட்டார். சண்டை என்று வந்தால் பிணங்களே முடித்துவிடும், மற்ற இரண்டு பேரும் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படியே போனால் இனி வரமாட்டேன் என்று ஸ்டெல்லா சொல்லியேவிட்டாள்.

போன ஞாயிறு கதை ஆற்றுத்துறைக்கு வந்தது. மருதாயி செத்த அதே துறை. கரையில் அவள்மேல் நாம் குவித்த கல் அப்படியே இருந்தது. எதிரே மூன்று தலைப் பாம்பு. தினேஷ் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங் சித்ரா, நம்ம மருதாயி இங்கதானுங்களே கெடக்குறா? எழுப்பிப்போடறனுங்க."

"வேண்டாங்க தினேஷ்" என்றாள் ஸ்டெல்லா.

"வேண்டாம்னு எங்கீங்க போட்டிருக்குது? அக்கா எழுதுனதுதானுங்களே?" என்றவர், என்னைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார். "எழுப்புனா பேசுவாளுங்களா? நீங்கதானுங் பேசோணும். அக்கா பேசற மாதிரியே."

அவர் கண் கலங்கியிருந்தது. பாம்பைக் கொல்ல அவர் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னொன்றையும் கேட்டுக்கொள். நான் வாயைத் திறந்துவிட்டேன் அக்கா. 'என்ன கண்ணு, சாப்பிட்டியா' என்று உன் குரல் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. எனக்கும் அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல அவ்வளவு ஆசை. ஆனால் எழுந்தது எழுப்பியவன் சொல் கேட்கும் அல்லவா? அவர் நில் என்றால் நீ நிற்க வேண்டும், பாம்பின் வாய்க்குள் போ என்றால் போக வேண்டும். அதையும் உன் குரலில் நானே 'சரிங்க' என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் குமட்டி, ஜன்னலுக்கு ஓடினேன். தினேஷைவிட என்மேல்தான் அதிகம் குமட்டியது.

அங்கே நின்றபோது கீழே தள்ளுவண்டிக்காரர் தோசைக்கல்லில் காளானைக் கொத்துகிற சத்தம் கேட்டது. நம் மேசை வழக்கம் ஞாபகம் வந்தது. பாத்திரம் செத்தால், கதை நடத்துகிறவர்தான் கொன்றவர். கொன்றவர் எல்லாருக்கும் காளான் வாங்கித் தர வேண்டும். நின்றபடியே தின்று, செத்த பாத்திரத்தைப் பற்றி ஆளுக்கொரு குறை சொல்லி அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயர் கதைக்குள் வரக்கூடாது. மருதாயியை வெள்ளத்தில் கொன்றது என் பகடை. "நல்ல சாவு கண்ணு, காளான் எப்போ?" என்று நீ கேட்டாய். கேட்டு முடிப்பதற்குள் உனக்கு மூச்சு முட்டியது, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீ திரும்பி வரவில்லை. காளானும் தின்னவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரு உடல்தான். அந்தச் சண்டை முடிந்ததும் விழுந்துவிடும். பலம் இருக்காது, வாய் பேசாது, குழந்தைகளைத் தொடக்கூடாது. காளான் தின்று அனுப்பிய யாரையும் எழுப்பவே முடியாது.

"மருதாயிக்கு நாம தின்னவே இல்லீங்களே?" என்றார் தினேஷ்.

"ஆமாங்க. அதுக்குத்தான் சொல்றேன், எந்திரிங்க. போலாம்."

அந்தக் காளான் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். பாதிக்குமேல் முட்டைக்கோஸ், பழுப்பாகக் கொழகொழவென்று, யாரோ மென்று துப்பியது மாதிரி இருக்கும். எத்தனை பாத்திரத்தைக் கொன்றிருப்பேன்! எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு நான் டீயோடு நின்றுகொள்வேன், நீ கேலி செய்வாய். இந்த முறை எனக்கும் ஒரு தட்டு போடச் சொன்னேன்.

"எங் கயித்தக் கேக்காம எடுத்துட்டுப் போயி, திருப்பியே தரலீங்க" என்றார் பைசல். "ராத்திரிக் காவலுக்கு வெச்சா தூங்கிப்போடுவா" என்றாள் ஸ்டெல்லா. தினேஷ் தட்டைக் கிளறினார். "எம் பிணமெழுப்பி நல்லாருக்குதுன்னு ஒருக்காகூடச் சொன்னதில்லீங்க" என்றார். நான் உன் விதியைப் பற்றிச் சொன்னேன். எழுதினதை முழுசாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம் என்றேன்.

பிறகு தின்றேன். இரண்டு முறை வாய்வரைக்கும் வந்தது. துப்பினால் கணக்கில் சேராதோ என்று பயந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினேன். தட்டைக் காலி செய்தேன் அக்கா. இனி உன்னை யாரும் எழுப்ப முடியாது, நானும்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். யார் அழுது கேட்டாலும் உன் குரலில் பேசமாட்டேன். இனி நம் மேசையில் யார் செத்தாலும் நானும் ஒரு தட்டுத் தின்பேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உன்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்த,
உன் தங்கச்சி சித்ரா