கிளச்சு மிதி இல்லாத ஜீப்

1978 செப்டம்பர் 4, திங்கள்

காலையில் ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய அமெரிக்க வண்டி. கிளச்சு மிதி கிடையாது. கியர் தானாக மாறும். ரிவர்ஸ் போட்டால் ஒரு வெற்றிலை போடும் நேரம் கழித்துத்தான் நகர்கிறது என்றான் டிரைவர் தவசி.

"நமக்கு இது புரிபடுமா அண்ணாச்சி? மதுரைக்குக் கொண்டு போகட்டுமா?"

பட்டறையில் நாலு லாரிக்காரர்கள் நின்றார்கள். விடுவேனா? "ஏலே, கோவில்பட்டியில இந்தச் செண்பகராஜ் பாக்காத கியர் பாக்ஸாலே?" என்றேன். இப்படி ஒரு பெட்டியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

செப்டம்பர் 5

எண்ணெயை இறக்கினேன். நன்னாரி சர்பத்து மாதிரி சிவப்பாக, தண்ணீராக ஓடியது. எந்தக் கியர் பெட்டியிலாவது இப்படி இருக்குமா? எவனோ கலப்படம் பண்ணியிருக்கிறான் என்று மண்ணில் கொட்டிவிட்டு, லாரிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை ஊற்றினேன்.

"முன்னால இருந்த டிரைவரு சிவப்பு எண்ணெதான் ஊத்தணும்னாரே அண்ணாச்சி?" என்றான் தவசி.

"நீ ஸ்டியரிங்கப் பிடி. எண்ணெ என் சோலி."

ஜீப் முக்கி முனகிக்கொண்டுதான் போனது. ஓடஓடச் சரியாகும்.

செப்டம்பர் 9, சனி

நாகலாபுரம் ரோட்டில் ஜீப் நின்றுவிட்டது. உள்ளே இடுப்பு வலி கண்ட பெண். தவசி ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து வந்து ஏற்றியிருக்கிறான். பிள்ளை மாட்டு வண்டியிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். அது யார் செய்த புண்ணியமோ.

செப்டம்பர் 10

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பட்டறைக்கே வந்துவிட்டார்கள். என்ன ஆச்சு என்று கேட்டதும் என் வாயில் வந்தது இது: "டிரைவர் பள்ளத்துல மாட்டவிட்டு முறுக்கியிருக்கான்மா. கரிசல்ல ஓட்டத் தெரியல."

தவசி பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது நான். எதிர்த்துப் பேச மாட்டான் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேனா? சே.

செப்டம்பர் 13

தவசியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள். அங்கேயும் அதையேதான் சொன்னேன்.

செப்டம்பர் 21

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே பிளேட்டெல்லாம் கரி. எண்ணெய் போகிற வழியெல்லாம் ஊசித் துவாரம். இதில் என் கெட்டி எண்ணெய் எப்படிப் போகும்? அட மூதி, அந்தப் பயல் அன்றைக்கே சொன்னானே!

மூன்று முறை சோப்புப் போட்டும் கருகல் வாடை கையை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைக்காமல் எழுந்தேன். "என்னன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள் வள்ளித்தாய். கட்டின பொண்டாட்டியிடம்கூடச் சொல்ல முடியவில்லை. தலைவலி என்றேன்.

அக்டோபர் 5, வியாழன்

டாக்டரம்மா எழுதிப்போட்டு, மெட்ராஸிலிருந்து வேறு பெட்டி வந்து இறங்கியது. கூடவே ஒரு டின் சிவப்பு எண்ணெய், இங்கிலீஷில் ஒரு தாள். டாக்டரம்மா மேலாகப் படித்துச் சொன்னார்கள். இந்த எண்ணெய் மட்டும்தான் ஊற்ற வேண்டுமாம். கெட்டி எண்ணெய் ஊற்றினால் பிளேட் வெந்துபோகுமாம்.

"நீங்க முன்னாடியும் இதைத்தானே ஊத்தினீங்க?"

"ஆமாம்மா."

முதல் பொய்யாவது பதற்றத்தில் வந்தது. இது?

அக்டோபர் 8

பெட்டியை மாட்டி இரண்டு நாளாக வண்டி நகரவில்லை. எதை எதையோ கழற்றி மாட்டினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் அந்தத் தாளை முழுதாகப் படிக்கச் சொன்னேன். எண்ணெய் அளவை இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டுமாம். நான் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒன்றரை லிட்டர் குடித்தது. ரிவர்ஸ் போட்டேன், போட்ட மாத்திரத்தில் நகர்ந்தது.

யாரும் கைதட்டாதது நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 10, ஆயுத பூஜை

வருஷா வருஷம் போல டிரைவர்கள் வந்து சாவிகளைத் தட்டில் வைத்தார்கள். சூடம் காட்டி, சந்தனம் வைத்து, ஒவ்வொரு சாவியாக எடுத்து அவரவர் கையில் கொடுத்தேன். கடைசியாகத் தவசி வந்தான். சாவிக்கு எங்கே போவான்? சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துத் தட்டில் வைத்தான்.

"இதுக்கும் ஒரு பொட்டு வைங்க அண்ணாச்சி."

நக்கல் இல்லை. நிசமாகவே கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. வைத்தேன். சந்தனம் அவன் போட்டோவில் ஈஷிக்கொண்டது. துடைத்துக்கொண்டு போனான்.

நான் மனுசந்தானா?

அக்டோபர் 12

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். எண்ணெய், தவசி எச்சரித்தது, இரண்டு பொய்கள், எல்லாம். அவர்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தவசியைக் கூப்பிட்டு அனுப்பறேன். ஜீப் இனிமே உங்க பட்டறைக்கு வராது" என்றார்கள். சரிம்மா என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 13

தவசி வந்தான். காலில் விழக்கூடத் தயாராக இருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேலை திரும்பக் கெடச்சிட்டு அண்ணாச்சி. ஆனா எம் பொண்டாட்டி தீப்பெட்டி ஒட்டுற ஆபீஸ்ல தெனம் பேச்சு வாங்குதா. 'பிள்ளத்தாச்சிய நடு ரோட்டுல விட்டவன் பொண்டாட்டி'ங்காளுவ. டாக்டரம்மாட்ட சொல்லிட்டீங்க. அங்கன யாரு போய்ச் சொல்லுவா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். யார் சொல்ல? நீதாம்லே செண்பகராஜ், நீதான்.

அக்டோபர் 16, திங்கள்

இரண்டு நாள் அந்த ஆபீஸ் தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இன்று வேலை விடுகிற நேரத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். தவசி மனைவி ஆறுமுகத்தாய் என்னைப் பார்த்ததும் நின்றாள். அவள் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். ஐம்பது பேர் இருக்கும்.

"தவசி மேல ஒரு தப்பும் இல்ல. எண்ணெய மாத்தி ஊத்தி வண்டியக் கெடுத்தது நான். பழிய அவன் மேல போட்டதும் நான்" என்றேன்.

ஆறுமுகத்தாய் பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. பின்னால நிக்கிறவியளுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன்.